நடுவர் மீது ஒரு புகார்

ஓய்வூதியக்காரன் வருஷத்துக்கு ஒருமுறை தான் உயிரோடு இருப்பதை அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். அதற்கான காகிதம் ஒன்றைத் தேடி, போன வாரம் டெல்லி துவாரகா வீட்டுப் பரணைக் குடைந்துகொண்டிருந்தேன். தேடியது கிடைக்கவில்லை. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாளில், ஒரு பழைய கடிதத்தின் நீலம் மங்கிய கார்பன் நகல் கையில் வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த எண்ணெய்ப் பிசுக்கு வாசனை முழுசாகப் போகவில்லை.

என் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. என் கெட்ட நேரம், அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பிடுங்கிப் படித்தவள் சோபாவில் விழுந்து சிரித்தாள்.

"அப்பா, ரெஸ்லிங் ரெஃப்ரி மேல கம்ப்ளெயின்ட்டா? அதெல்லாம் ஸ்க்ரிப்டட்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அப்போ தெரியாதும்மா."

"அப்போ உங்களுக்கு என்ன வயசு?"

"சின்ன வயசு" என்று சொல்லிவைத்தேன். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அப்போது இருபத்தைந்து.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு வந்து, ஓர் அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் உறுதியாகவில்லை. கோல் மார்க்கெட்டுக்குப் பின்னால், பழைய அரசுக் குடியிருப்பு ஒன்றில் பின்பக்க அறையில் இருந்தேன். ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு கறுப்பு வெள்ளை டிவி. கேபிள் ஒயர் வேப்பமரத்துக்கு வேப்பமரம் தாவி வரும். அதில் குரங்கு தொங்கினால் படம் போய்விடும். குரங்கு இறங்கும்வரை வெறும் புள்ளிமழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அமெரிக்கக் குஸ்தி. அந்த மல்லர்களுடைய ஆங்கிலப் பெயர்கள் என் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்திருந்தேன். நல்லவன் பெயர் கறுப்பு ஜட்டி. அவனுடைய பரம எதிரி வழுக்கைத் தலையும் நறுக்கு மீசையுமாக, எங்கள் ஆபீசுக்குக் கணக்குத் தணிக்கைக்கு வருகிறவரை அப்படியே உரித்து வைத்திருந்தான். அதனால் அவன் ஆடிட்டர். கறுப்பு ஜட்டி மேடையைச் சுற்றிய கயிற்றின் மேல் ஏறி எதிரி மீது பாய்வதைப் பார்த்துவிட்டு, நானும் ஒரு நாள் குளிருக்குப் போர்த்துகிற பஞ்சு ரஜாயைச் சுருட்டித் தரையில் போட்டு அதை ஆடிட்டராக நினைத்துக் கட்டிலிலிருந்து பாய்ந்தேன். கட்டில் கால் உடைந்தது. என் முழங்கால் வீங்கியது. ஆபீசில் குளியலறையில் வழுக்கியதாகச் சொன்னேன். ரஜாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை அந்த அநியாயம் நடந்தது. நடுவர் அந்தப் பக்கம் திரும்பி யாருடனோ பேசிக்கொண்டிருந்தபோது, ஆடிட்டர் மடக்கு நாற்காலியை எடுத்துக் கறுப்பு ஜட்டியின் முதுகில் சாத்திவிட்டான். நடுவர் திரும்பினார், கீழே கிடந்தவனைப் பார்த்தார், மூன்று எண்ணினார், ஆடிட்டர் கையை உயர்த்திவிட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு முழுக்க மனசுக்குள் வாதாடினேன். திங்கட்கிழமை மதிய இடைவேளையில் எல்லோரும் குளிருக்கு வெயில் காயப் போனதும் டைப்ரைட்டரில் கார்பன் வைத்துத் தாளைச் சொருகினேன்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலம் ஆபீஸ் ஆங்கிலம். ஆகவே கடிதம் இந்த ரீதியில் போயிற்று: "பொருள்: சென்ற சனிக்கிழமைப் போட்டியில் நடுவரின் பாரபட்சம் தொடர்பாக. ஐயா, கறுப்பு ஜட்டி அணிந்திருந்த மேற்படி மல்லர் பின்புறமிருந்து நாற்காலியால் தாக்கப்பட்டதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தகுந்த நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்." கை பழக்கத்தில் மேலே கோப்பு எண் வேறு போட்டிருந்தேன்.

யாரோ வரும் செருப்புச் சத்தம் கேட்டது. மூலப் பிரதியைக் கையில் கிடைத்த ஃபோல்டரில் திணித்தேன், நகலைச் சட்டைப் பைக்குள். வந்தவர் பியூன். அந்த ஃபோல்டரைத்தான் எடுத்துக்கொண்டு போனார். அது அதிகாரியிடம் கையெழுத்துக்குப் போகிற ஃபோல்டர்.

எங்கள் செக்‌ஷன் அதிகாரி வைத்தியநாதன். கும்பகோணத்துக்காரர். ஐம்பத்தாறு வயது. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. அவர் சிரித்துப் பார்த்தவர் செக்‌ஷனில் யாரும் இல்லை. பத்து நிமிஷத்தில் பியூன் திரும்பி வந்தார்.

"சாப் புலா ரஹே ஹைன். ஜல்தி."

சார் கூப்பிடுகிறாராம், சீக்கிரம் வரணுமாம். உள்ளே போனேன். திருநெல்வேலிக்கு ரயில் எத்தனை மணிக்கு என்பதுவரை மனசு போய்விட்டது. கடிதம் அவர் மேஜை மேல் இருந்தது. அவர் பென்சிலால் அதில் திருத்திக்கொண்டிருந்தார்.

"பெறுநர் முகவரி எங்கய்யா? 'மேலாளர், குஸ்தி, அமெரிக்கா'ன்னு போட்டிருக்கே. அமெரிக்கா ரொம்பப் பெரிசுய்யா."

"சார், தெரியாம... மன்னிச்சிருங்க சார்."

"இரு. பாரபட்சம்னு எழுதறே. ஆதாரம் இருக்கா? கவனக்குறைவுன்னு எழுது, போறும்." பென்சில் இரண்டாம் பத்தியில் நின்றது. "இது வாஸ்தவத்துலயே தப்பு. கறுப்பு ஜட்டி இல்லே. ரோஸ்."

"சார்?"

"நல்ல ரோஸ் கலர். ஓரத்துல வெள்ளைப் பட்டை."

அவருக்கும் எனக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது. அவர் காது சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டில் டிவி வாங்க மாமி சம்மதிக்கவில்லையாம். கோல் மார்க்கெட்டில் டிவி கடை ஒன்று உண்டு, கண்ணாடிக்குப் பின்னால் பெரிய கலர் டிவி ஓடும். சனிக்கிழமை காய்கறி வாங்கப் புறப்பட்டு, ஒரு மணி நேரம் அங்கேதான் நிற்பாராம்.

"ஒங்கிட்ட டிவி இருக்கோ?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"கறுப்பு வெள்ளைதான் சார்."

"பரவால்லே. உக்காந்துண்டு பாக்கலாமோன்னோ."

கடிதம் எங்கேயும் போகவில்லை. அவர் வந்தார். காய்கறிப் பையை வாசலில் வைத்துவிட்டு, கோட்டுப் பொத்தானைக் கழற்றி, கால் ஒட்டுப்போட்ட கட்டிலில் சம்மணமிட்டு உட்காருவார். ஃபைலில் ஒரு காற்புள்ளிக்காக ஆளை வறுத்தெடுக்கிற மனிதர், "பின்னாடி பாருடா அசடே! பின்னாடி!" என்று ரோஸ் ஜட்டிக்குத் தமிழில் எச்சரிக்கை கொடுப்பார். நான் ஸ்டவ்வில் டீ போடுவேன். குரங்கு வந்தால் அவரே வெளியே போய்க் கைதட்டித் துரத்துவார். ஐந்தாறு மாதம் அப்படிப் போனது.

பிறகு நான் அறிவாளியானேன். ஆபீசில் ஒருவர் கொண்டுவந்த ஆங்கிலப் பத்திரிகையில் எல்லாம் போட்டிருந்தது. யார் ஜெயிப்பது என்று முதலிலேயே தீர்மானித்துவிடுவார்களாம். விழுவதற்குக்கூட ஒத்திகையாம். என் முட்டாள்தனத்தை நினைத்து உடம்பெல்லாம் கூசியது. இனி யாரும் என்னை ஏமாற்றிவிட முடியாது என்ற கர்வமும் கூடவே வந்தது. அந்தச் சனிக்கிழமை வைத்தா சார் கட்டிலில் எம்பி, "அடிக்கறான்யா! நடுவன் பாக்கலேய்யா!" என்று கத்தியபோது நான் காலை நீட்டிக்கொண்டு சொன்னேன்:

"எல்லாம் முன்னாடியே பேசி வச்சது சார். சும்மா நடிக்காங்க. பத்திரிகைல போட்டிருக்கான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டிவியையே பார்த்தார். "ஓஹோ" என்றார். டீயைக் குடித்து முடித்தார். ஆட்டம் முடிந்ததும் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். ஆபீசில் ஒரு வார்த்தை கிடையாது. நான் தனியாகப் பார்த்தேன். நாற்காலி அடி நாற்காலி அடியாகத் தெரியவில்லை. இரண்டு தடியர்கள் ஒருவரையொருவர் ஜாக்கிரதையாகக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள். சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற நினைப்பை வைத்துக்கொண்டு அந்த அறையில் செய்ய ஒன்றுமில்லை.

நாலாவது சனிக்கிழமை டிவியை அணைத்துவிட்டுக் கோல் மார்க்கெட் கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு முன்னால் பத்திருபது பேர். ஆட்டோக்காரர்கள், தலையில் கூடையோடு ஒரு பழக்காரர், நடுவில் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. நான் மெல்ல நுழைந்து அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கவனிக்கவில்லை. உள்ளே ரோஸ் ஜட்டியும் ஆடிட்டரும். உண்மையிலேயே நல்ல ரோஸ். ஆடிட்டர் நாற்காலியை ஓங்கினான். ரோஸ் ஜட்டி விலகினான். நாற்காலி கயிற்றில் பட்டுத் திரும்பி ஆடிட்டர் மண்டையிலேயே விழுந்தது. கூட்டம் ஓவென்றது. சார் பக்கத்திலிருந்தவன் தோளைப் பிடித்து உலுக்கி, "பாத்தியாய்யா!" என்றார்.

அப்புறம்தான் அது என் தோள் என்று பார்த்தார். கை தளர்ந்தது. முகம் இறுகிக்கொண்டது.

"பாத்தேன் சார்!" என்றேன் நான். "நடுவனும் பாத்துட்டான் சார்! இனி தப்பிக்க முடியாது அவன்!"

நடிக்கத்தான் ஆரம்பித்தேன். ஆனால் ரோஸ் ஜட்டி கயிற்றின் மேல் ஏறி நின்றபோது நான் அந்தப் பழக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். சார் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். பத்திரிகையைப் பற்றிக் கேட்கவில்லை. "அடுத்த வாரம் குரங்கு வராம பாத்துக்கோ" என்றார்.

ஓய்வு பெறும்வரை வந்துகொண்டிருந்தார். பிறகு சென்னைக்குப் பிள்ளையிடம் போய்விட்டார். சில வருஷம் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு அதுவும் நின்றது. இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டு உயரமாக ஏதோ கட்டியிருக்கிறார்கள். டிவி கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அதன் கண்ணாடிக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. அவரவர் திரை அவரவர் கையில், அவரவர் காதில் ஒயர். ஏதாவது நடந்தால், பக்கத்தில் நிற்பவன் யாரென்று பாராமல் அவன் தோளைப் பிடித்து உலுக்குகிற ஆள் இப்போது எங்கேயும் தென்படுவதில்லை.