மின் அட்டையில் அப்பாவின் பெயர்

பெட்ரோலிலும் ஓடும், பிளக்கில் சொருகி சார்ஜும் ஏற்றலாம் என்றார்கள். மலையில் அப்படியொரு கார் வாங்கும் முதல் ஆள் நான்தான் என்ற பவுசில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பச்சை நம்பர் பிளேட் கிடைக்கும், ரோடு டாக்ஸ் கிடையாது என்று காரை விற்றவர் அடித்துச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனையாம்: வீட்டில் சார்ஜ் போடுவதால் கரண்ட் கனெக்‌ஷன் என் பெயரில் இருக்க வேண்டும். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

எங்கள் வீட்டு கனெக்‌ஷன் அப்பா பெயரில் இருந்தது. அவர் இறந்து பல வருடங்கள் ஆகியும் மாற்றவில்லை. எங்கள் மலையூர்கள் சேர்ந்த அரியூர் நாட்டில் யாரும் அதை மாற்ற மாட்டார்கள். விளக்கு பெரியவர் பெயரிலேயே எரியட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதிலும் அப்பா செம்மேட்டு கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்து, வயல் சேற்றில் தானும் தோள்கொடுத்துக் கம்பம் சுமந்து வாங்கிய கரண்ட் அது.

அம்மாவுக்கு வேறொரு காரணம் இருந்தது. அவள் வாயால் புருஷன் பெயரைச் சொன்னதே இல்லை. நாங்களும் அப்பாவைப் பெயர் சொல்ல மாட்டோம். ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவர்தான் வாசலில் நின்று அந்தப் பெயரை உரக்கச் சொல்லி, "ஊடு இதுதானுங்களே?" என்பார். தெரிந்த வீடுதான், ஆனாலும் கேட்பார். அம்மா மின் அட்டையோடு ஓடி வந்து, "ஆமாங்க, அவரு ஊடுதானுங்க" என்பாள். அன்றைக்கு அவருக்குக் காபி நிச்சயம்.

"அந்தப் பேர மட்டும் எடுத்துறாத சாமி" என்றாள் அம்மா.

"காலம் எங்கியோ போயிருச்சும்மா" என்று கத்தினேன். பெயர் மாற்ற அவளுடைய சம்மதக் கடிதமும் தேவைப்பட்டது. மறுக்காமல் கைநாட்டு வைத்தாள். அப்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

புது ரசீதோடு மலையிறங்கி, வண்டி பதிவு செய்யும் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் தாள்களைப் புரட்டினார்.

"பெட்ரோல் டேங்க் இருக்குதில்லீங்க? முழுசா பேட்டரில ஓடற வண்டிக்குத்தானுங்க சலுகை."

"கரண்ட் கனெக்‌ஷன்கூட எம்பேருக்கு மாத்தி எடுத்தாந்திருக்கேனுங்க."

"அத ஆருங்க கேட்டது?"

விற்றவருக்கு போன் போட்டேன். "அப்படீங்களா?" என்றார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஆனால் அவரைத் திட்டி என்ன? ஆபீசில் ஒரு வார்த்தை கேட்காமல் அவசரப்பட்டு ஆடியவன் நான். டாக்ஸைக் கட்டிவிட்டு, வெள்ளை பிளேட்டோடு எழுபது வளைவும் ஏறி வந்தேன். வழியெல்லாம் என்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த முறை ரீடிங் எடுப்பவர் வந்தபோது நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த மெஷினைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார். பழைய அட்டையோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அது எம்பையன் பேருங்க. அவங்கப்பன் பேரச் சொல்லுங்க."

அவர் மறுபடி மெஷினைப் பார்த்தார்.

"அந்தப் பேரு இதுல இல்லீங்களேம்மா."

அம்மா பழைய அட்டையோடு உள்ளே போனாள். அன்றைக்கு அவருக்குக் காபி இல்லை.