மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்ட மந்திரி

செல்லதுரையின் அப்பா கொச்சியில் மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்குகளில் மூட்டை சுமந்தவர். தான் சுமக்கப் பிறந்தவனல்ல என்று சிறுவயதிலேயே முடிவு செய்துகொண்ட மகன், சுமப்பவர்களுக்குத் தலைவரானார். எழுபதுகளில் பஜாரில் எந்த வேலைநிறுத்தம் நடந்தாலும் முன்வரிசையில் நிற்பார். போலீஸ் வேன் வரும்போது மட்டும் சாயாக்கடைக்குள் இருப்பார்.

முதல் சட்டசபைத் தேர்தலில் பாக்கியலக்ஷ்மியின் வீடுதான் அவருக்கு அலுவலகம். கிடங்கில் சுக்கு புடைக்கும் பெண் அவள். தமிழ்க் குடும்பங்களிடம் வீடுவீடாக அவரை அழைத்துப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் அவர் தமிழில் உருகினார். கூரை ஒழுகும் தமிழ்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டித் தருவதாகச் சொன்னார். ஜெயித்தார். கட்டடம் வரவில்லை. அடுத்த முறையும் ஏதோ சொல்லி ஜெயித்தார். அப்போது கட்சி இரண்டாக உடைந்தது. ஆட்சி கவிழாமலிருக்க இன்னும் ஒரு கை தேவைப்பட்டது. அந்தக் கையைத் தூக்கியதற்குக் கூலியாகக் கல்வி இலாகா கிடைத்தது.

பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை மூடும்படி மந்திரி உத்தரவு போட்டார். தமிழ்ப் பள்ளியும் அதில் போயிற்று. மழைக்காலம் முழுக்க வகுப்பில் தண்ணீர் நின்றால் பிள்ளைகள் குறையாமல் என்ன செய்வார்கள்? அதே சமயத்தில் அவருடைய மைத்துனர் ராசப்பனுக்கு இடக்கொச்சியில் புதிய பள்ளி தொடங்க அனுமதி கிடைத்தது. அதற்குக் கான்கிரீட் கூரை.

பாக்கியலக்ஷ்மி நாலைந்து பெண்களோடு போட் ஏறி, எறணாகுளம் விருந்தினர் மாளிகையில் அவரைப் பார்க்கப் போனாள். பள்ளியைத் திறக்கும்படி அவள் சொல்லச் சொல்ல, மந்திரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் உதவியாளரிடம் திரும்பி, இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மலையாளத்தில் கேட்டார்.

"இவரெந்தா பறயுந்நே?"

உதவியாளர் சுத்த மலையாளி. பாவம், தட்டுத்தடுமாறி அவள் தமிழை மலையாளத்தில் சொன்னார். மந்திரி மலையாளத்தில் சொன்ன பதில் அரைகுறைத் தமிழாக அவளிடம் திரும்பி வந்தது. பரிசீலிப்பாராம். இப்படியே இரண்டு சுற்றுப் போனது. மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாக்கியலக்ஷ்மி சிரிக்கவில்லை. உதவியாளரைப் பார்த்தே பேசினாள்.

"சேட்டா, சாரோட அம்மைக்குக் கால் வீக்கம் எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."

"வத்திருச்சு. இப்ப நடக்குது" என்றார் மந்திரி.

உதவியாளர் திறந்த வாயை மூடிக்கொண்டார். மந்திரிக்குக் காது சிவந்தது. மேசையிலிருந்த ஒரு பைலை எடுத்து விரித்துக்கொண்டார்.

"பாஷையெல்லாம் நல்லாத்தான் வெளங்குது. தொறக்க மனசில்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

பள்ளி திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்குப் போனார்கள். பாக்கியலக்ஷ்மியின் மகளும் போனாள். ஆனால் விருந்தினர் மாளிகையில் நடந்தது பஜார் முழுக்கப் பரவியது. அடுத்த தேர்தலில் கிடங்கு வாசலில் செல்லதுரை தமிழில் ஓட்டுக் கேட்டபோது, சுமையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்து "எந்தா பறயுந்நே?" என்று கேட்டுக்கொண்டார்கள். பஜாரில் அவருக்கு விழுந்த ஓட்டு, அவருக்கு வேலை செய்தவர்களின் ஓட்டைவிடக் குறைவு. தோற்ற பிறகு மைத்துனரின் பள்ளிக்கு மேனேஜராகிப் போனார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தமிழ்ச் சங்கம் அவருக்குத் தமிழ்க் காவலர் என்று பட்டம் கொடுத்தது. சங்கத் தலைவரின் மருமகனுக்கு இடக்கொச்சிப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டுவந்த தமிழ்ப் பேச்சைச் செல்லதுரை பிசகாமல் வாசித்தார். தமிழுக்கு வந்த கதியைச் சொல்லும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசை கைதட்டியது. பாக்கியலக்ஷ்மிக்கும் அழைப்பு வந்திருந்தது. அவள் போகவில்லை.