பார்வதி அக்காவின் கொழுந்து விரல்கள்

மழையில் நனைந்த கம்பளியின் வாசம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது...

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வருவார் பார்வதி அக்கா. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பதுளை ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சை மெஷினை இயக்கும் வேலைக்கு நான் புதிது. அக்காவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். போதாததற்கு இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர். அது துடிக்க வைத்தால்தான் இதயம் துடிக்கும்.

கதிர் பட்டால் அந்தக் கருவி தடுமாறலாம். எங்கள் டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். இதய டாக்டரோடு பேசி, கருவியைச் சோதிக்க வைத்து, கதிர் அதன் பக்கம் போகாதபடி திட்டத்தை மாற்றி மாற்றிப் போட்டார். அப்படியொரு பொறுமையை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

ஆனால் அக்காவின் பயம் வேறு. சிகிச்சை நேரத்தில் அறைக்குள் நோயாளி மட்டும்தான். முகத்தை அசையாமல் பிடிக்கும் மூடி வேறு... வாய் திறக்க முடியாது.

"நெஞ்சுல இருக்க மிசின் நின்னு போச்சுன்னா யாருக்குங்க தெரியும்? நான் வூட்டுக்கே போயிர்றேன்."

பையைத் தூக்கிவிட்டார்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. "இந்தக் கிளிப்பை விரலில மாட்டினா உங்கட நாடிச் சத்தம் எங்களுக்கு வெளியில கேக்கும் அம்மா. மற்றக் கையால கொழுந்து எடுக்கிற மாதிரி விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருங்கோ. நான் கமராவில பாத்துக்கொண்டே இருப்பன். விரல் நிண்டா ஓடி வருவன்."

சொன்னபடி தினமும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்னக் கறுப்பு வெள்ளைத் திரையில் அந்த விரல்கள் கிள்ளிக்கொண்டே இருக்கும். என்ன வேகம், என்ன லாவகம்...

ஒருநாள் விரல்கள் நின்றுவிட்டன.

பீப் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. டாக்டரம்மா அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. நான் மெஷினை நிறுத்தியதும் செருப்பைக்கூடப் போடாமல் உள்ளே ஓடினார். பின்னாலேயே போய் மூடியைக் கழற்றினேன்.

அக்கா எங்களை நிதானமாகப் பார்த்தார். "ஒன்னுமில்லீங்க... சொன்ன மாதிரி வருவீங்களான்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. டாக்டரம்மா மூச்சிரைக்கச் சிரித்தார். "வந்திட்டன்தானே அம்மா. இனிக் கொழுந்தை எடுங்கோ."

சிகிச்சை முடியும்வரை அதன்பிறகு அந்த விரல்கள் நிற்கவே இல்லை.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் இதயத் துடிப்பு வெளியே இருக்கும் திரையிலேயே வண்ணக் கோடாக ஓடுகிறது. யாரும் விரலை ஆட்டத் தேவையில்லை. நல்லதுதான்...

ஆனாலும் பேஸ்மேக்கர் உள்ளவர் யாராவது வந்து படுத்தால், கதவைச் சாத்துமுன் அவர் கையைத் தொட்டு ஒன்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

"பயப்படாதீங்க. ஓடி வந்துருவேன்."