பதினோரு மாதத்துக்கு மட்டும்

மருந்துக்கடை நிறுத்தத்தை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் பஸ்ஸின் வேகம் குறைகிறது. அங்கே சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. ஓட்டுநர் தலையைச் சாய்த்து ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியைப் பார்க்கிறார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கியரை மாற்றுகிறார். "மெத்தையைக் கொண்டாந்து நம்ம பால்கனில காயப்போட்டிருக்கான் பாருங்க. கம்பி என்னத்துக்கு ஆகும்?" என்று பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னிடம் முறையிடுகிறார். அந்த வீட்டை வாடகைக்கு விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் வாயில் மட்டும் அது இன்னும் 'நம்ம பால்கனி'.

பயணிகள் அவரை நிதானம் அண்ணன் என்பார்கள். ஏறுகிறவர், இறங்குகிறவர், பஸ் நிற்பதற்குள் எழுந்துகொள்கிறவர் எல்லாருக்கும் அவர் சொல்வது "நிதானம், நிதானம்" ஒன்றுதான். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுத, இன்னொன்று இரவல் கேட்கிறவர்களுக்கு. இரண்டு நிமிஷம் தாமதமானால் டிரிப் ஷீட்டில் இரண்டு நிமிஷம் தாமதம் என்றே எழுதுவார். டிப்போவில் வேறு யாருக்கும் அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

அவர் மனைவிக்கு, அதாவது அண்ணிக்கு, இடுப்பெலும்பு முறிந்ததால்தான் அவர்கள் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினார்கள். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. "ஆறே மாசம். கால் ஊனி நடந்ததும் வந்துடலாம்" என்று சொல்லி, இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீட்டை வாடகைக்கு எடுத்தார். அண்ணி கால் ஊன்றி நடந்துவிட்டார். படிதான் ஏற முடியவில்லை.

அண்ணன் அசரவில்லை. குடித்தனக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டால் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார். எவ்வளவு தங்கமான மனிதர்களாக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. "ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கே இவளுக்குச் சரியாயிட்டா? அவங்களைப் போய்க் கிளம்புன்னு சொல்ல முடியுமா?" என்பார். ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் அண்ணியிடம் கேட்பார்: "இந்தத் தடவையும் விட்டுரட்டுமா?" அண்ணியும் ஒவ்வொரு முறையும், "விடுங்க, அடுத்த தடவை போயிக்கலாம்" என்பார். நல்ல பாத்திரங்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகளில் கட்டியபடியே இருக்கின்றன. பிரிக்கலாமே என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "எதுக்குப்பா, மறுபடி கட்டணும்" என்றார் அண்ணி. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

போன மாதம் தரைத்தள வீட்டின் சொந்தக்காரர் வந்து, வீட்டை விற்கப்போகிறேன், நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா, காலி செய்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். இதை வாங்க வேண்டுமானால் அதை விற்றாக வேண்டும். அண்ணன் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் ஆள் பார்த்து விலையும் பேசிவிட்டார். வரி விஷயத்துக்காக அண்ணியோடு ஆடிட்டரிடம் போகும்போது என்னையும் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த வரி பத்திரிகையில் எழுதுகிற வரி மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "பக்கத்துல சும்மா உக்காருங்க, போதும்" என்றார்.

ஆடிட்டர் சின்னப் பெண், பொறுமைசாலி. வீட்டை விற்றால் வாங்கின விலைக்கு மேல் கிடைப்பது லாபம். எங்கள் ஊர்ச் சட்டப்படி அதில் குடியிருந்த வருஷங்களின் பங்குக்கு வரி கிடையாது, வாடகைக்கு விட்ட வருஷங்களின் பங்குக்கு உண்டு என்று விளக்கினார்.

"லாபம்னு மட்டும் சொல்லாதீங்கம்மா" என்றார் அண்ணன்.

"சரி சார். எப்ப வீட்டை விட்டுப் போனீங்க?"

"போகலையே."

"வாடகைக்கு விட்டிருக்கீங்களே சார்?"

"வாடகைக்குத்தாம்மா விட்டேன்."

ஆடிட்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. உடம்பு சரியில்லாமல் வெளியே இருந்த வருஷங்களையும் குடியிருந்ததாகவே காட்ட ஒரு வழி உண்டாம். ஆனால் விற்பதற்கு முன்பு ஒரு தடவையாவது திரும்பி வந்து தங்கியிருக்க வேண்டும். பழைய மின்சார பில்களைப் புரட்டி, "நடுவுல ஒரு மாசம் வீடு காலியா இருந்திருக்கு. ஆனா கரண்ட் ஓடியிருக்கே, அப்ப தங்குனீங்களா?" என்று கேட்டார்.

"பெயிண்ட் அடிக்கப் போவேன். ஒருநாள் மத்தியானம் ஃபேனைப் போட்டுட்டு அப்படியே தூங்கிட்டேன்."

அண்ணி திரும்பிப் பார்த்தார். "எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"வெறுந்தரையில படுத்ததை என்னன்னு சொல்றது?" என்ற அண்ணன் அவர் பக்கம் திரும்பி, "ஜன்னலோரமா. நீ படுக்கிற இடத்துல" என்றார்.

ஆடிட்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அந்த ஒரு மாசம் ரெண்டு பேரும் தங்கினதா எழுதிடலாம் சார். யாரும் வந்து பார்க்கப்போறதில்ல. வரி பாதிக்குப் பாதி குறையும்."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இரண்டு நிமிஷத் தாமதத்தை மறைக்கத் தெரியாத மனிதர் இதை யோசிக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஆசையாத்தாம்மா இருக்கு" என்றார் கடைசியில். "வரிக்காக இல்ல. எழுதிட்டா, நெஜமாவே ஒரு மாசம் போய் இருந்துட்டு வந்த மாதிரி இருக்கும்."

அண்ணி கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பிறகு அண்ணன் மேஜை மேலிருந்த வரிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். வீட்டை விட்டு வெளியேறிய தேதியை எழுதினார். அதற்குக் கீழே 'திரும்பி வந்த தேதி' என்றொரு கட்டம். அதில் முத்து முத்தாக 'வரவில்லை' என்று எழுதினார்.

வீடு இருவர் பேரிலும் இருந்ததால் அண்ணியும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் பேனாவை அவரிடம் கொடுத்து, தாளை நகர்த்தி, போட வேண்டிய இடத்தை வலக்கை விரலால் காட்டினார். அண்ணி குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடிக்கும்வரை, 'வரவில்லை' என்று எழுதிய கட்டத்தின் மேல் அண்ணன் தன் இடது உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டிருந்தார்.