கோட்டுக்காரரின் நெஞ்சுவலி

மாரடைப்பைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுவது, ஓய்வு பெற்ற பிறகு நானே தேடிக்கொண்ட வேலை. ஸ்ரீமுஷ்ணமோ திட்டக்குடியோ, எங்கே போனாலும் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைச் சுருட்டிக்கொண்டு போவேன். அதில் கோட்டு போட்ட ஒருவர் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்திருப்பார். மாரடைப்பு வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவரைக் காட்டிப் பேசுவேன். ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவார்கள், வரிசையில் நின்று பிபி பார்த்துக்கொள்வார்கள். பெண்கள் பின்னால் நின்று மோர் ஊற்றுவார்கள். அவர்களுக்கும் இதயம் உண்டு என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

என் பேச்சை அதிகம் கேட்டவள் என் மனைவிதான். கடலூர் வீட்டில் ஒத்திகையெல்லாம் அவள் எதிரில்தான் நடக்கும். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்பாள்.

அன்று சிதம்பரத்தில் கூட்டம். என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, காலையிலேர்ந்து தாடையெல்லாம் வலிக்குது. முதுகுல என்னமோ அழுத்துது. வேர்வையும் ஜாஸ்தியா ஊத்துது."

"நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு வலிக்கல."

நிபுணர் தீர்ப்பு சொல்ல அது போதாதா? "அப்ப பல்லுதான். ஒரு கிராம்பு வச்சிக்க. சாயங்காலம் பல் டாக்டருகிட்ட போலாம்" என்றேன். அவள் மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். சட்டையை முடித்துத்தான் கொடுத்தாள்.

சிதம்பரத்தில், "ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்காதீர்கள்" என்று நான் முடித்ததும் பலத்த கைதட்டல். பிபி பார்க்க வந்திருந்த நர்ஸ், "மேடம் வரலையா சார்?" என்று கேட்டார். தாடையில் பல்வலி, முதுகுவலி, கூடவே வேர்வை, வெயில்தானே என்று சிரித்தபடி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வலி தாடையிலயா? சார், நெஞ்சு வலிக்காமகூட அட்டாக் வரும். பொம்பளைங்களுக்கு அப்படி அதிகமா வரும். மொதல்ல நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க!"

போனை எடுத்தேன். மூன்று இலக்கத்தை அழுத்த முடியவில்லை. போனை அவரே வாங்கி, என்னிடம் விலாசம் கேட்டுச் சொன்னார். கடலூர் வரை காரில் அழுதுகொண்டே போனேன். பக்கத்து சீட்டில் அந்தப் பேனர் சௌகரியமாகப் படுத்திருந்தது.

ஆம்புலன்ஸ் எனக்கு முன்பே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. இதய ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்தபோது, மேலே கேட்க எனக்குத் தைரியமில்லை.

மறுநாள் ஐசியூவில் என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "உங்க கோட்டுக்காரரு நல்லா இருக்காரா?"

தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் சொன்னாள்.

"அழுவாதீங்க. அடுத்த கூட்டத்துல மோர நீங்க ஊத்துங்க. ஊத்துறவுங்கள உக்கார வச்சி பிபி பாக்கச் சொல்லுங்க."