பலாச்சுளை ஊறிய ரம்

போன ஞாயிறு பூசை முடிவதற்குள் மாதா கோயிலை விட்டு ஓடிவந்தேன். காரணம், எங்கள் சமையலறை அலமாரியில் இருந்த ஒரு கண்ணாடி ஜாடி.

பலா சீசன் அல்லவா... யூடியூப் பார்த்து, ரம்மில் பலாச்சுளைகளை ஊறப்போட்டிருந்தேன். மூடியைத் திறந்தால் வீடே மணக்கும். பெருமைதான்!

சனிக்கிழமை மணமேல்குடியிலிருந்து என் மனைவியின் தம்பி அருள் வந்திருந்தார். குடியை விட்டுப் பதினான்கு மாதம். அதற்குமுன் பட்டது கொஞ்சமா? வேலை போனது, மனைவி பிள்ளையோடு தாய்வீடு போனார்... இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார்கள். அருளை வீட்டில் தனியாக விட்டுவிட்டு நாங்கள் பூசைக்கு வந்துவிட்டோம். ஜாடி ஞாபகம் வந்தது பிரசங்கத்தின் நடுவில்!

மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓடினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அருள் இல்லை. ஜாடியில் ரம் நான்கு விரல் குறைந்திருந்தது.

போன் அடித்தேன் – அது அவர் படுத்திருந்த கட்டிலிலேயே ஒலித்தது. பைக்கை எடுத்துக்கொண்டு கறம்பக்குடி கடைத்தெரு முழுக்கத் தேடினேன். அவர் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன்?

பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“மாப்ள, இங்கிட்டு என்ன பண்றீங்க?” என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். தற்செயலாகக் குனிவதுபோல் அவர் முகத்தருகே மூச்சை இழுத்தேன். டீ வாசம் மட்டும்தான்.

அருள் என்னையே பார்த்தார்.

“ஊதிக் காட்டவா மச்சான்?”

சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“தண்ணி குடிக்கப் போனேன். அந்த வாசம்... மூடி மேல கை வச்சுட்டேன். பயந்துட்டேன் மச்சான். போட்டது போட்டபடி வந்துட்டேன். நீங்க வார வரைக்கும் இங்கயே இருப்போம்னு... இது நாலாவது டீ.”

அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மனைவி நிற்கிறாள். ஜாடி குறைந்ததைச் சொன்னேன்.

“காலையில நாந்தாங்க ஒரு டம்ளர் எடுத்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் கேக்குக்குக் கேட்டாங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

ஜாடியைச் சுளையோடு கொல்லையில் கவிழ்த்து மண்ணைத் தள்ளினேன். சமையலறையைக் கழுவிவிட்டேன். அதுவரை அருள் வாசலிலேயே நின்றார். அன்று மத்தியானம் என் பக்கத்தில்தான் சாப்பிட உட்கார்ந்தார். நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை... மூக்கை நீட்டினாலே எதிராளிக்குக் கேட்டுவிடுகிறது!