முன்சீற்றில் யாரும் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முதலாளியைப் போலப் பக்கத்து நகரமான விட்பிக்குப் போய் வந்தேன். பின்சீற்றில், கால் மேல் கால் போட்டு. முன்னால் சாரதி. அவருக்குப் பக்கத்துச் சீற் காலி!

நான் முதலாளியும் இல்லை, கார் என்னுடையதும் இல்லை. என் நண்பன் சிவத்தின் பழைய கார். ஆனால் அந்த முன்சீற்றுக்கு மட்டும் புது உறை போட்டு, அதன்மேல் பிளாஸ்ரிக்கும் போட்டிருக்கிறான். அதில் யாரும் உட்காரக் கூடாது. அது அவன் மனைவி வாசுகிக்கு. அவள் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருக்கிறாள். நாங்கள் குடியேறி வாழும் மல்வேர்னில் நண்பர்கள் எல்லோரும் பின்சீற்றில் நெருக்கியடித்துத்தான் போவோம். முன்பெல்லாம் கேலி செய்வோம். அவளை இங்கே அழைக்க ஸ்பொன்சர் செய்து நான்காவது வருடமும் ஆன பிறகு யாருக்குக் கேலி வரும்?

சரி, விட்பிக்கு ஏன்? அங்கே ஒரு பிளாசாவில் பழைய கார்க் கண்காட்சி. அதில் 'அந்தக் கார்' வருகிறதாம்.

அந்தக் கார் என்றால்... ஓர் ஆங்கிலப் படத்தில் கதாநாயகன் பறந்து திரிந்த ஹொட் ரொட், வேகத்துக்காக மாற்றிக் கட்டிய கார். மூடியில்லாத என்ஜின், செம்மஞ்சள் பெயின்ற், இரண்டே இரண்டு சீற். யாழ்ப்பாணத்தில், வீட்டுக்குத் தெரியாமல் சிவமும் வாசுகியும் சேர்ந்து பார்த்த முதல் படம் அது. "இப்பிடி ஒரு காரிலை என்னைக் கூட்டிக்கொண்டு போவியளோ?" என்று தியேட்டர் இருட்டில் அவள் கேட்டாளாம். இவனும் ஓம் என்றுவிட்டான். ஓம் என்பது லேசான சொல்லா?

கார் ஓடி வரவில்லை. ட்ரெயிலரில் ஏறி வந்தது! படம் முடிந்ததும் ஸ்ரூடியோவின் பின்வளவில் மழையில் கிடந்ததாம். பிறகு பல கை மாறி, நிறமும் மாறி, கடைசியில் விட்பிக்காரர் ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வயதான வெள்ளைக்காரர். பழைய நிறத்தையே திரும்பப் பூசியிருந்தார். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட றோட்டில் இறக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். ஓடினால் மதிப்புக் குறைந்துவிடுமாம்.

சிவத்தின் முகத்தில் எதைக் கண்டாரோ, காரைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி, ஏறி உட்காரச் சொன்னார். சிவம் ஸ்ரியரிங்கைப் பிடித்தான். என்னையும் பக்கத்தில் ஏறச் சொன்னார் மனுசன். நான் கமராவைக் காட்டித் தப்பினேன். எடுத்த படத்திலும் பக்கத்துச் சீற் காலிதான்.

திரும்பும் வழியில் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தினோம். நான் கோப்பியோடு வெளியே வந்து பார்த்தால், சிவம் முன்கதவைத் திறந்து வைத்துப் பிளாஸ்ரிக்கைக் கிழித்துக்கொண்டிருக்கிறான்.

"என்னடா செய்யிறாய்?"

"அந்தாளின்ர காரைப் பாத்தியளே அண்ணை? ஓடாமல் வைச்சு வைச்சுப் பொம்மையாக்கிப் போட்டார். நானும் உந்தச் சீற்றை வைச்சு வைச்சு... அவள் வருவாளோ எண்டே தெரியேல்லை. நீங்கள் முன்னுக்கு வந்து இருங்கோ."

பிளாஸ்ரிக் போனால் போகட்டும். ஆனால் நான் அதில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? வாய் 'இருங்கோ' என்றது... மாட்டேன் என்று சொல்லச் சொல்லி அவன் கண் கெஞ்சியது.

"உது வாசுகியின்ர இடம். நான் பின்னுக்கே வாறன். காரை எடு," என்றேன்.

எடுத்தான். கண்ணாடியில் அவன் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வாசுகி வந்து இறங்கும் நாளில் எயார்போர்ட்டிலிருந்து திரும்ப எனக்குப் பின்சீற்றும் கிடைக்காது. அவளுடைய பெட்டிகள் ஏறிவிடும்.

அதனால் என்ன... மல்வேர்னுக்குப் பஸ் இருக்கிறது!